ஆரணி வாய்களில் கண்ட கறுப்பு

பல் டாக்டர் தொழிலில் பல் ஒரு சாக்குத்தான். வருகிறவர்கள் காட்டுவதெல்லாம் பயம். கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து பார்த்துக் கலங்கிப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எழுபத்தெட்டில் ஆரணியில் போர்டு மாட்டியபோது எனக்கும் அதே கலக்கம்தான், பிறத்தியார் வாயைப் பார்த்து.

கொப்பளித்த வியாதி

முதல் வாரமே ஒரு நெசவாளர் வந்தார். உதடு, நாக்கு, ஈறு எல்லாம் கருநீலம். படித்த புத்தகம் முழுக்க ஞாபகம் வந்து எனக்கு வியர்த்துவிட்டது. கடிதம் எழுதி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். தறியில் இழை அறுந்தால் நுனியை எச்சிலில் நனைத்துத்தான் முடிச்சுப் போடுவார்கள். சாயம் நிற்காத பட்டு என்றால் வாயெல்லாம் அதே கலர்தான். இது ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. மறுநாள் பளிச்சென்ற நாக்கோடு திரும்பி வந்தார்.

"வாயைக் கொப்பளின்னாங்க, கொப்பளிச்சேன், வியாதி பூட்ச்சு. இதுக்கு வேலூர்த் தண்ணிதான் வோணுமா டாக்டர்?"

குற்றவாளி

தேவிகாபுரத்திலிருந்து ஒரு வாத்தியார், கூடவே உறவினர் பதினோரு பேர். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஈறில் ஒரு நீலப் புள்ளி. கேன்சர் என்று அவரே முடிவு கட்டி, சொந்தபந்தங்களிடம் விடைபெற்றும் ஆகிவிட்டது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. முந்தின வருஷம் அந்தப் பல்லை வெள்ளிக் கலவையால் அடைத்தவன் நான்தான். அதன் துகள் ஈறுக்குள் புகுந்து, பச்சை குத்தினாற்போல் நின்றுவிட்டது. கெடுதல் எதுவும் செய்யாது என்று சொல்லிக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அழுது முடித்திருந்த அவர் மருமகன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ மாமாவுக்கு வந்த வியாதி நீங்கதானா?"

பாதிப் புடவை

அதற்கப்புறம் எந்தக் கறுப்பைக் கண்டாலும் முதலில் கொப்பளிக்கச் சொல்வேன். பல்வலி என்று வந்த நெசவாளர் ஏழுமலைக்கு அண்ணத்தில் ஒரு கரும்படை, ஓரமெல்லாம் பிசிறாக. நாலு சொம்பு தண்ணீருக்கும் போகவில்லை. "சாயம்தான் டாக்டர்," என்றார். தறியில் என்ன கலர் என்றேன். மஞ்சள். அதற்கு முன்னால்? அதுவும் மஞ்சள். ஆறு மாதமாகப் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்றார் அவர் மனைவி கன்னியம்மா. வாய்க்குள் இருக்கும் கறுப்பில் அபூர்வமாக ஒன்று புற்றாக இருக்கும். தாமதித்தால் ஆள் தங்கமாட்டார்.

அவரோ அசையவில்லை. முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் நிற்கிறது. ஒருவர் ஆரம்பித்ததில் இன்னொரு கை படக்கூடாதாம். உயிர் போய்விடும் என்று கத்தியே விட்டேன். கன்னியம்மாதான் முடித்துவைத்தார்: "தறி நாடாவை நான் தள்றேன். நீ போயி அறுத்துகினு வா."

வேலூரில் அது புற்றுதான் என்றார்கள். அண்ணத்தில் ஒரு பகுதியையே எடுத்து, ஓட்டையை மூடத் தட்டு மாட்டினார்கள். பிழைத்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் கன்னியம்மாவோடு நேரே என் முன்னால் வந்து உட்கார்ந்தார். தட்டை நாக்கால் சரிசெய்துகொண்டு பேச வாயெடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ நெய்ஞ்ச எடம் முழுக்கக் கரை கோணலா கீது டாக்டர். நீங்களே வந்து பாருங்க."

வாய்க்குள் தெரியும் கறுப்பில் பெரும்பாலானது ஒன்றுமில்லை என்றுதான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். எது அந்த ஒன்றுமில்லாதது என்று கண்டுபிடிக்கும் தலைவலியை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன்.