ஸ்ட்ராபெர்ரித் தொப்பிக்குள் மூன்றாவது கண்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் மூன்றாவது கண் திறக்காமல் போனது இரண்டே பேருக்குத்தான். ஒருவன் தாடிக்கா என்கிற பாலர் பள்ளியில் ஏ, பி, சி படித்துக்கொண்டிருந்த, எப்போதும் மூக்கு ஒழுகுகிற பக்கத்து வீட்டுப் பொடியன். இன்னொருத்தி நான். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பொடியனோடு என்னையும் சேர்த்து ஓரமாக உட்கார வைத்தது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

கண்ணைத் திறந்துவிட்டவர் என் சித்தப்பா. பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவர், ஈப்போவில் நடந்த ஏதோ மனோசக்திப் பயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் சான்றிதழோடு வந்து இறங்கினார். மூளையின் நடுவில் ஒரு பகுதி தூங்கிக்கொண்டிருக்கிறதாம். அதைத் தட்டி எழுப்பிவிட்டால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே நிறம் சொல்வார்களாம், புத்தகம் படிப்பார்களாம், சைக்கிள்கூட ஓட்டுவார்களாம். சித்தப்பா ஏமாற்றுக்காரர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரிடமும் காசு வாங்காமல்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் அதை முழுசாக நம்பினார், அதுதான் வம்பாகப் போனது.

பள்ளி விட்டு வந்ததும் தோட்டத்து மண்டபத்தில் வகுப்பு. முதலில் கைப்பேசியில் புல்லாங்குழல் இசை, பிறகு மூச்சுப் பயிற்சி, பிறகு கண்கட்டு. கண்ணைக் கட்டக் கறுப்புத் துணி வேண்டும் என்று ஈப்போவில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ ஸ்ட்ராபெர்ரித் தொப்பிகள். அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் போடுகிற வேலை முடிந்து வந்தால் கம்பளித் தொப்பி பின்னுவார். சிவப்பு உருண்டை, அதில் மஞ்சள் பொட்டுகள், உச்சியில் பச்சைக் காம்பு. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு கடைக்காரர் அதை வாங்கி விற்பார். கோலாலம்பூரிலிருந்து குளிர் பார்க்க வருகிறவர்கள் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வருடம் விற்காமல் தேங்கிய ஒரு பை தொப்பியைச் சித்தப்பா தூக்கிக்கொண்டு போனார். மோவாய் வரைக்கும் இழுத்துவிட்டால் துணியை விட இது மேல் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆக, மண்டபத்தில் வரிசையாக ஸ்ட்ராபெர்ரிகள் உட்கார்ந்திருக்கும். சித்தப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வண்ண அட்டையைப் பிடிப்பார். “பச்சை” என்று சொல்லும் ஒரு ஸ்ட்ராபெர்ரி. “மஞ்சள்” என்று சொல்லும் அடுத்தது. பெற்றோர்கள் வாசலில் நின்று கைதட்டுவார்கள். என் முறை வரும். உள்ளே கும்மிருட்டும் கம்பளி வாசனையும்தான் இருக்கும். வாய்க்கு வந்த நிறத்தைச் சொல்வேன், தப்பாக இருக்கும்.

எனக்கு அந்தச் சக்தி வேண்டாம் என்றில்லை. யாரையும் விட எனக்குத்தான் அது அதிகமாக வேண்டியிருந்தது. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாசலில் வருவது யார் என்று சொல்லிப் பார்ப்பேன். அடுத்து வரப்போவது காய்கறி லோரியா, சுற்றுலாப் பஸ்ஸா என்று ஊகித்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பூனை சொன்னாலும் அதே அளவுக்குச் சரியாக வந்திருக்கும்.

“இந்தப் புள்ள மனசுல சந்தேகம் இருக்கு. சந்தேகம் இருக்கற எடத்துல சக்தி நிக்காதுலா” என்று சித்தப்பா ஒருநாள் எல்லார் முன்னாலும் அறிவித்தார். மறுநாளிலிருந்து எனக்குப் பெயரே ‘சந்தேகம்’ ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில்கூட, “ஏய் சந்தேகம், வாளிய நவுத்து” என்றார்கள்.

வகுப்பின் நட்சத்திரம் என் அண்ணன். வயது பதினான்கு. அப்பா வழியில் வந்த பூசணித் தலை அவனுக்கு. தொப்பியை அதில் மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அவன் நிறம் மட்டுமா சொன்னான்? பிஸ்கட் டின்னில் இருந்த எழுத்தைக்கூட மூக்குக்கு நேராகப் பிடித்தால் படித்துவிடுவான். தோட்டத்து லோரி ஓட்டுகிற அப்பா, போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிப் பூரித்தார்.

இதே அண்ணனுக்குத்தான் பள்ளியில் கரும்பலகை தெரியவில்லை. ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். கண்ணாடி போட்டால் மூன்றாவது கண் மூடிக்கொள்ளும் என்றார் சித்தப்பா. நாலு கண்ணன் என்று கேலி செய்வார்களே என்று அண்ணனும் மறுத்தான். அப்பா முடிவு சொல்லிவிட்டார்: “கண்ண மூடிக்கிட்டே படிக்கிறவனுக்கு கண்ணாடி எதுக்கு?” அம்மா பின்னல் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார். கொழுந்தன் பேச்சை எல்லார் முன்னாலும் வெட்டிப் பேசுகிற வழக்கம் அம்மாவுக்கு இல்லை.

பிறகு பனிமூட்டமான ஒரு நாள். பள்ளி விட்டு நானும் அண்ணனும் தோட்டத்து வாசலுக்கு எதிரே சாலையைக் கடந்தோம். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி விளக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தது. எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்குத் தெரியவில்லை. அவன் பாட்டுக்கு நடந்தான். நான் புத்தகப் பையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சாக்கடையில் விழுந்தோம். லோரிக்காரர் சீன மொழியில் திட்டிக்கொண்டே போனார். வேலை முடிந்து எதிரே வந்துகொண்டிருந்த அம்மா, அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் அண்ணனின் சேற்றைக் கழுவிவிடும்போது அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னார்: “மூணாவது கண்ணுக்கு இன்னைக்கு லீவு போல.”

“பனியில காந்த அலை கலைஞ்சிடும் அண்ணி” என்றார் சித்தப்பா.

எனக்கு அன்றைக்குத்தான் நிஜமாகப் பயம் வந்தது. இவன் இப்படியே நடந்தால் அடுத்த முறை நான் பக்கத்தில் இருப்பேனா? அந்தப் பயத்தோடு மறுநாள் வகுப்புக்குப் போனேன். பாதியில் கரண்டு போய்விட்டது. வெளியே மழை இருட்டு. உடனே எல்லாப் பிள்ளைகளின் சக்தியும் போய்விட்டது. பச்சையை நீலம் என்றார்கள், மஞ்சளை வெள்ளை என்றார்கள். “கரண்டு போனா காந்த அலையும் போயிடும்” என்றார் சித்தப்பா. நெற்றிக்குள் இருக்கிற கண்ணுக்கு எதற்குக் கூரையில் பல்பு?

கரண்டு திரும்பி வந்ததும் நான் தலைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். சக்தி உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பெரிய தலை. தொப்பி அதில் தோல் மாதிரி இழுபட்டு நின்றது. எனக்கும் பொடியனுக்கும் சின்னத் தலை. எங்கள் தொப்பி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

தொப்பி ஒன்றை ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறையில் இருந்ததிலேயே பெரிய முட்டைக்கோஸை எடுத்து அதற்கு மாட்டினேன். கம்பளிப் பின்னல் விரிந்து, உள்ளே கோஸின் நரம்புகூடத் தெரிந்தது. தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, ஜன்னலுக்கு நேராக முகத்தில் வைத்தேன். தேயிலை மலை, தொழிற்சாலைப் புகைபோக்கி, கொடியில் காய்ந்த என் பள்ளிச் சட்டை, எல்லாம் சிவப்புச் சல்லடைக்கு அந்தப் பக்கம் அப்படியே இருந்தன. நான் குதித்த குதியில் கோஸ் உருண்டு மேசைக்கடியில் போய்விட்டது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கோஸையும் தொப்பியையும் வைத்துச் செய்து காட்டினேன். அம்மா முழுவதையும் பார்த்துவிட்டு, “அப்படியா?” என்று மட்டும் கேட்டு, அந்தக் கோஸை வாங்கிப் பொரியலுக்கு நறுக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு நான் பொரியல் சாப்பிடவில்லை.

தோட்டத்துப் பொங்கல் விழா வந்தது. தோட்டத்தை நிர்வகிக்கிற துரை வருவார், அவர் முன்னால் அண்ணனை வைத்துச் செய்து காட்டினால் தானா ராத்தாவிலேயே பெரிய வகுப்பு தொடங்கிவிடலாம் என்பது சித்தப்பாவின் கனவு. “அண்ணி, தொப்பியெல்லாம் பழசாயிடுச்சு. துரை முன்னாடி போட புதுசா ஒண்ணு பின்னிக் குடுங்களேன். இவன் தலைக்கு அளவா.”

“சரி தம்பி” என்றார் அம்மா.

விழா அன்று காலை எனக்கு ஜடை பின்னிவிட்டுக்கொண்டே, “சித்தப்பா ஏதாச்சும் கேட்டா பயப்படாம போய் சொல்லு. மரியாதையா சொல்லு” என்றார். பழைய தொப்பிகள் இருந்த பையையும் மறக்காமல் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். சித்தப்பா மறந்துபோனதை அம்மா எடுத்துவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் கதவெல்லாம் திறந்து நல்ல வெயில். துரைக்குப் பக்கத்தில் பெரிய கிராணி. எங்கள் தோட்டத்து அலுவலகமே அவர் கையில்தான். மேடையில் அண்ணன் புதுத் தொப்பியோடு நின்றான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ‘தெரியக் கூடாது, தெரியக் கூடாது, தெரியக் கூடாது’ என்று மனசுக்குள் அழுத்திச் சொன்னேன்.

சித்தப்பா சிவப்பு அட்டையைப் பிடித்தார். அண்ணன் பேசவில்லை. பச்சையைப் பிடித்தார். “ம்... நீலமா?” என்றான். மஞ்சளுக்கும் நீலம் என்றான். கூட்டம் நெளிந்தது. சித்தப்பாவின் முகம் வேர்த்தது. ஒலிபெருக்கியில் சொன்னார்: “இங்க யாருக்கோ மனசுல சந்தேகம் இருக்கு. அதான் சக்தி தடைபடுது.”

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது.

நான் எழுந்துவிட்டேன். அம்மாவின் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு மேடையேறி, “ஆமா சித்தப்பா, எனக்குத்தான் சந்தேகம்” என்றேன். பையிலிருந்து ஒரு பழைய தொப்பியை உருவினேன். எங்கள் தோட்டத்திலேயே பெரிய தலை பெரிய கிராணியின் தலை. சித்தப்பாவின் கையிலிருந்த பச்சை அட்டையை வாங்கிக்கொண்டு, இறங்கி நேராக அவரிடம் போனேன்.

“கிராணி ஐயா, கொஞ்சம் இத மாட்டிக்கிறீங்களா?”

கிராணி துரையைப் பார்த்தார். துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “போடுங்க கிராணி, விழாதானே” என்றார். கிராணி சித்தப்பாவின் வகுப்பு ஒன்றுக்கும் போனதில்லை, ஒரு புல்லாங்குழலும் கேட்டதில்லை. தொப்பியை மோவாய் வரை இழுத்துவிட்டேன். அட்டையை நீட்டினேன்.

“பச்சை” என்றது ஸ்ட்ராபெர்ரி. பிறகு அதுவே திடுக்கிட்டு, “அட! எல்லாம் தெரியுதேலா! ஒன் ரிப்பன் அவுந்து தொங்கறதுகூட தெரியுது!” என்றது.

“கிராணிக்கு எப்ப கண்ணு தொறந்துச்சு?” என்று பின்னாலிருந்து யாரோ கத்த, மண்டபம் வெடித்துச் சிரித்தது. துரை எழுந்து வந்து ஒன்றை மாட்டிக்கொண்டார். அவருக்கும் தெரிந்தது. தோட்டத்துக் கடைக்காரருக்குத் தெரிந்தது. பூசாரிக்குத் தெரிந்தது. பெரிய தலைக்காரர்கள் எல்லாரும் ஞானிகளாகிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மேடையிலேயே தொப்பியைக் கழற்றினான். அழுகிற மாதிரி இருந்தான். “நூலு சந்து வழியாத்தான் பார்த்தேன் சித்தப்பா. நான் ஒருத்தன்தான் அப்படி பார்க்கறேன், மத்தவங்களுக்கு நெஜமாவே வந்துருச்சுன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்!” என்றாள் ஒருத்தி. “ஏய், நானுந்தான்!” என்றான் இன்னொருவன். அத்தனை பிள்ளைகளும் அதையே சொன்னார்கள்.

சித்தப்பா ஒரு பழைய தொப்பியை எடுத்து மெதுவாகத் தன் தலையில் மாட்டினார். அவருக்கும் எங்கள் வீட்டுப் பூசணித் தலைதான். அதற்குள்ளிருந்தே மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “நான் போட்டே பாக்கலயே” என்று அவர் முணுமுணுத்தது ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. தொப்பியைக் கழற்றியதும் மேடையில் என்னைத் தூக்கி உட்காரவைத்து, முதலில் கைதட்டியவரும் அவர்தான். அந்த மனுஷனை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அண்ணனுக்கு வைத்திருந்த பரிசைத் துரை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகும் எனக்குச் சந்தேகம் என்றுதான் பெயர். ஆனால் சித்தப்பா கைப்பேசி வாங்கினாலும், மோட்டர் சைக்கிள் வாங்கினாலும், “எதுக்கும் சந்தேகத்த ஒரு வார்த்த கேட்டுக்கறேன்லா” என்று என்னிடம் வந்து நிற்பார்.

அப்பா மறுவாரமே அண்ணனைத் தானா ராத்தாவுக்குக் கூட்டிப்போனார். கண்ணாடியோடு திரும்பி வந்தவன் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று மலையைப் பார்த்தான். “அம்மா, அது பச்சப் பாய் மாதிரி இல்லம்மா. இலை இலையா இருக்கு.” அப்பா திரும்பி நின்றுகொண்டு மோட்டர் சைக்கிளைத் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. புதுத் தொப்பி, இன்னும் இழுபடவில்லை, அதனால்தான் அண்ணனுக்குத் தெரியவில்லை என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கல்லவா உண்மை தெரியும்! நான் கண்ணை மூடி ‘தெரியக் கூடாது’ என்று நினைத்தேன், தெரியவில்லை. ஊர் முன்னால் மூன்றாவது கண்ணைப் பொய்யாக்கிவிட்டு வந்தவள், எனக்குள் ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்று அதற்குப் பிறகு பல வருடம் ரகசியமாக நம்பிக்கொண்டிருந்தேன். பரீட்சைத் தாளை முறைத்துப் பார்த்துக்கூட அதைப் பிரயோகித்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நல்ல குளிர். அலமாரியில் அந்தப் புதுத் தொப்பி கிடைத்தது. மாட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில் மோவாய் வரை இழுத்தேன். பட்டப்பகலில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. கழற்றி உட்புறத்தைத் திருப்பினேன். ரெட்டை நூலில் நெருக்கிப் பின்னிய பின்னல். அதற்குள் இன்னொரு பின்னல். இரண்டுக்கும் நடுவில், முகம் வருகிற இடத்தில் மட்டும், அண்ணனின் பழைய பள்ளிக் காற்சட்டையிலிருந்து வெட்டிய கருநீலத் துணி, பொடித் தையலில்.

அம்மா அடுப்படியில் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தார். தொப்பியை அப்படியே நீட்டினேன். “என்னம்மா இது?”

அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரண்டியைப் பானைக்குள் விட்டார்.

“அவனுக்குத் தலை பெருசுலா. குளிருமேன்னு கொஞ்சம் கெட்டியா பின்னுனேன்” என்றார்.