சிவப்புக் கல்லுக்குள் ஒரு காட்டுக்கோழி

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. அகதி முகாமிலிருந்து உயிலங்குளத்துக்கு அங்கால் இருந்த எங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பி, தறப்பாள் கூரையில் கொட்டில் போட்டிருந்த காலம். வந்த கிழமையே கொட்டிலுக்குத் தடி வெட்டப் போன தம்பி மிதிவெடியில் ஒரு காலைக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் வெடி அகற்றுகிறவர்கள் வந்தார்கள். கொட்டிலைச் சுற்றி மட்டும் துப்புரவாக்கி, எல்லையில் சிவப்புப் பூசிய கற்களை வைத்துவிட்டுப் போனார்கள். கல்லுக்கு அங்கால் கால் வைக்கக் கூடாது. எங்கள் கிணறு அங்கால்தான் கிடந்தது.

அந்தக் கிணற்றடிப் பற்றைக்குள் ஒரு காட்டுக்கோழிப் பேடு அடை கிடந்தது. ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசாத தம்பிதான் அதைக் கண்டான். "அக்கா, இஞ்ச வந்து பாரன்" என்று கூப்பிட்டான். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தக் குரல்! காட்டுக்கோழி பறக்கும்தான், ஆனால் அடையில் இருந்தால் அசையாது. நீளத் தடியில் சிரட்டை கட்டித் தண்ணீர் நீட்டுவான். கீரியைக் கண்டால் ஊன்றுகோலால் தகரத்தில் அடிப்பான். "குஞ்சு பொரிக்கட்டும், பிறகு நான் செயற்கைக்கால் போட வாறன்" என்றான்.

ஊரில் காட்டுக்கோழிக்குக் கண்ணி வைக்காத ஆளில்லை. இருந்தும் நாங்கள் பயப்படவில்லை. சிவப்புக் கல்லைத் தாண்டி எவன் போவான்? வெடியே அதற்குக் காவல் என்று நம்பினோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சந்தி ஆமிக் காவலரணுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். காட்டுக்கோழிப் படமும், இலங்கையின் தேசியப் பறவையைக் காப்போம் என்று மூன்று மொழியில் எழுத்தும். கண்டறியாத பலகை. ஒரு மத்தியானம் அந்தக் காவலரணில் நிற்கிறவர் ஒருவர் சாக்கோடு வந்து, கேளாமல் கொள்ளாமல் எங்கள் வளவுக்குள் புகுந்து, சிவப்புக் கல்லைத் தாண்டி நடந்தார்.

தம்பி ஊன்றுகோலோடு பதறி விழுந்து ஓடினான். "சேர், போகாதேங்கோ. மிதிவெடி இருக்கு. நில்லுங்கோ சேர்."

அந்த மனிதரின் உயிரைக் காப்பாற்றத்தான் கத்தினான். அவர் நிற்கவில்லை. பற்றைக்குள் குனிந்து, பேட்டின்மேல் சாக்கைப் போட்டு அமுக்கினார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே, தெரிந்த தமிழில் சொன்னார்: "பயம் வேணாம் தம்பி. இந்தப் பக்கம் நாங்க வைக்கல்ல."

தம்பி தன் கால் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். "அப்ப மற்றப் பக்கம் எங்க எங்க இருக்கெண்டும் தெரியும் என்ன, சேர்? நாங்கள் வரேக்க ஏன் சொல்லேல்லை?"

வந்தவன் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனான். இனி அவனுக்கு என்ன மரியாதை.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. தம்பி "அக்கா, அக்கா" என்று அலற அலற, அந்த ஆமிக்காரனுடைய சப்பாத்துத் தடத்தில் கால் வைத்துக் கல்லைத் தாண்டிப் போனேன். சூடு ஆறாத முட்டைகளைச் சேலைத் தலைப்பில் பொதிந்து கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்தேன். அந்த அறுவான் சொன்னது உண்மைதான். அங்கே ஒன்றும் வைத்திருக்கவில்லை.