அடுப்பின் மேல் ஒரு ரவுண்டானா

"ஏண்டி, ரோடு வளைஞ்சிருந்தா உனக்கென்ன, நேரா இருந்தா உனக்கென்ன? பஸ்ஸுல ஏறினமா, சீட்டு புடிச்சமா, எறங்கினமான்னு இல்லாம, எதுக்கு வளைஞ்சுது ஏன் வளைஞ்சுதுன்னு கெழவியப் போட்டு நோண்டுற. படிக்கிற புள்ளைக்கு வேற வேலை இல்லியா?"

பேத்தியை இப்படித்தான் திட்டினேன். அவள் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜில்தான் படிக்கிறாள், டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். காலேஜ் காம்பவுண்டு ஓரமாக வருகிற ரோடு, எங்கள் வீட்டை நெருங்கும்போது ஒரு காரணமும் இல்லாமல் வளைந்து போகும். அங்கே மேடு இல்லை, பள்ளம் இல்லை, குளம் இல்லை, கோயில் இல்லை. பஸ் அந்த இடத்தில் திரும்பும்போதெல்லாம் அவள் தலை ஜன்னல் கம்பியில் இடிக்கிறதாம். காரணம் தெரிந்தே ஆக வேண்டுமாம். திட்டி முடித்துவிட்டுப் பார்த்தேன். பாவம், நெற்றி ஒரு பக்கம் புடைத்துத்தான் இருந்தது. சரி என்று கதையைச் சொன்னேன்.

அது எழுபதுகளின் ஆரம்பம். தர்மபுரிக்கு வெளியே காலேஜ் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. காலேஜ் என்றால் கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு நீளமான கட்டிடம், ஒரு கொடிக்கம்பம், காவலுக்கு என் வீட்டுக்காரர். அவ்வளவுதான். காம்பவுண்டை ஒட்டி எங்கள் ஓட்டு வீடு. என் மாமியாரும் மாமனாரும் மண் குழைத்து எழுப்பிய சுவர். நாங்கள் கடலை போட்ட கொல்லை குத்தகைக்கு எடுத்தது. எங்களுக்கென்று இந்த மண்ணில் இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

ஒரு சந்தை நாள் காலையில் பட்டணத்து ஆள் ஒருத்தர் குடையும் மடக்கு நாற்காலியுமாக வந்து எங்கள் வாசலுக்கு எதிரே உட்கார்ந்தார். கையில் ஒரு அட்டை, அதில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன்.

"என்னங்க சார் பண்றீங்க?"

"எந்த வழியா ஜனங்க அதிகமா போறாங்கன்னு எண்ணுறோம்மா. அதுக்கு ஏத்த மாதிரி வசதி பண்ணப் போறோம்."

வசதி! அந்த ஒரு சொல் போதும், எங்கள் தெருவுக்கு. பின்னால் இருந்த குக்கிராமத்து ஜனங்கள் காரிமங்கலம் சந்தைக்குப் போக பஸ் ஏற வேண்டுமென்றால் எங்கள் வாசல் வழியாகத்தான் மெயின் ரோட்டுக்குப் போவார்கள். இன்னொரு வழி, எங்களுக்கு மேற்கே பஞ்சாயத்துத் தலைவர் புதிதாக வாங்கிப்போட்டிருந்த கொல்லை. அது சுற்று. எதிர் வீட்டு அக்கா ஓடி வந்தாள். அவள் மாதா கோயில்காரி, வாயில் எப்போதும் ஜெபமோ வெற்றிலையோ ஏதாவது ஒன்று இருக்கும்.

"ஏ புள்ள, பஸ் ஸ்டாப்பு குடுக்கப் போறாங்கடி! தலை எண்ணுறாங்க. ஆளு அதிகமா போனா நம்ம வாசல்லயே பஸ்ஸு நிக்குமாம்."

யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கவர்மெண்டு ஆள் வந்து தலை எண்ணினால் அரிசி வரும், மண்ணெண்ணெய் வரும், இல்லையென்றால் ஓட்டு வரும். ஏதோ ஒன்று வராமல் போகாது. அதனால் தெருவே நடக்கத் தொடங்கியது. முன் வாசல் வழியாகப் போனோம், வீட்டுக்குப் பின்னால் சுற்றி வந்தோம், மறுபடி முன் வாசல் வழியாகப் போனோம். அக்கா முதலில் குழந்தையோடு போனாள், அடுத்து குடத்தோடு போனாள், அதற்கடுத்து ஆட்டை இழுத்துக்கொண்டு போனாள். என் மாமியார் தடி ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க வாங்கப் போனாள். குடைக்காரருக்கு நிமிரவே நேரமில்லை. சாயங்காலம் முகமெல்லாம் பூரிப்போடு நாற்காலியை மடக்கினார். நான் மோர் கூடக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து காலேஜ் ஹாலில் ஊரைக் கூட்டினார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. பச்சை, மஞ்சள், நீலம், ரோஸ். பட்டணத்திலிருந்து வந்திருந்த பெரிய ஆபீசர் பிரம்பை வைத்துக்கொண்டு பேசினார். இன்னும் இருபத்தைந்து வருடத்தில் இந்தக் காலேஜ் யுனிவர்சிட்டி ஆகுமாம். அதைச் சுற்றி நகரம் வருமாம். இப்போதே யோசித்து வைத்தால்தான் அப்போது நன்றாக இருக்குமாம். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கலர் சோடா கொடுத்து, அபிப்பிராயம் சொல்லச் சொன்னார்கள். நான் சோடாவைக் குடித்துவிட்டு அபிப்பிராயத்துக்கு எழுந்தேன். வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். வாட்ச்மேன் பெண்டாட்டி வாய் பேசினால் வேலை போய்விடுமாம்.

"அந்த நீலம் என்னாங்க?"

"நீச்சல் குளம்மா."

"அதுல துணி தொவைக்க வுடுவீங்களாங்க?"

"இல்லம்மா, நீந்துறதுக்கு மட்டும்."

ஒரு குடம் தண்ணீருக்கு நாங்கள் கிணற்றடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருடம் அது. ஹாலில் இருந்த பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் கடலைக் கொல்லை பச்சையாக இருந்தது. அது பூங்காவாம், ஜனங்கள் காற்று வாங்க. "காத்து வாங்கறதுக்கு எதுக்குங்க கவருமெண்டு? ஆடி மாசம் வாங்க, கூரையோட அள்ளித் தரோம்" என்றேன். ஆபீசருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் கேட்டேன்.

"எங்க வூடு எங்கீங்க?"

பிரம்பு மெதுவாக நகர்ந்து ஒரு மஞ்சள் வட்டத்தில் நின்றது.

"இங்கதான் ஜனப்போக்குவரத்து ரொம்ப அதிகம்னு கணக்குல வந்திருக்கு. அதனால பெரிய ரோடு உங்க வீட்டு மேலதான் வருது. சரியா உங்க வீடு இருக்கிற இடத்துல ஒரு ரவுண்டானா. நடுவுல தண்ணி பீச்சுற ஃபவுண்டன்."

"எங்க வூட்டுல எந்தப் பக்கம்ங்க தண்ணி பீச்சும்?"

படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இந்த மூலை."

அது என் அடுப்பு.

அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. பஸ் ஸ்டாப்பு கேட்டு நாங்கள் நடந்த நடை எல்லாம் ஒன்றுசேர்ந்து என் அடுப்பை மிதித்துவிட்டது. ஆபீசர் கடைசியில் ஒன்று சொன்னார். விதிப்படி இரண்டு தடவை எண்ண வேண்டும். வருகிற சந்தை நாளில் இன்னொரு தடவை எண்ணிவிட்டு ரோட்டுக் கோடு எது என்று நிச்சயம் பண்ணிவிடுவார்களாம்.

பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போய் அழுதேன். அவர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, நாடு முன்னேறணும்னா நாலு பேரு விட்டுக் குடுக்கத்தான் வேணும்."

"அந்த நாலு பேருல மொத ஆளா நீங்களே விட்டுக் குடுங்களேங்க. நாங்க பின்னாடியே வர்றோம்."

"என் நெலம் ரோட்டு ஓரத்துலதானேம்மா வருது! மேல வரலியே. நான் என்ன பண்றது?"

ஓரத்தில் வரும் என்று தெரிந்துதான் வாங்கியிருக்கிறார் என்பது அந்த ஊஞ்சல் ஆடிய ஆட்டத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் "பாத்துக்கலாம் வுடு" என்றார். அவர் பார்த்துக்கொண்ட காரியம் எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை. மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். வெயில் காலம். முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி.

"என்னங்க அத்தை முதுகுல?"

"என்னமோ அரிக்குதடி."

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். "அத்தை, ஆத்தா வந்திருக்காங்க" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மருமகளும் மாமியாரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படி ஒரே மனசாகப் பார்த்துக்கொண்டது, நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"ஆமாண்டி. காலையில இருந்தே மேலு அனலாத்தான் இருக்குது. போயி வேப்பெலை ஒடிச்சாந்து கட்டு."

சந்தைக்கு முந்தின நாளே நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். வேப்பிலை கட்டிய வீட்டு வாசலை யாரும் மிதித்துப் போக மாட்டார்கள். ஆத்தா உள்ளே படுத்திருக்கும்போது கறி எடுத்துக்கொண்டு போகக் கூடாது, செருப்போடு போகக் கூடாது, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போகக் கூடாது. சந்தைக்குப் போகிற ஜனம் இத்தனைக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்குமா? மாதா கோயில் அக்கா கூட எட்ட நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்க மாதாவும் உங்க ஆத்தாவும் அக்கா தங்கச்சிடி. யார் கோவிச்சுக்கிட்டாலும் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு மேற்கே நடந்தாள்.

வீட்டில் தாளிப்பு கிடையாது. கடுகு வெடிக்காத குழம்பையும் களியையும் தின்றுவிட்டு வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். மாமியாருக்கு மட்டும் இளநீர், நுங்கு, விசிறி. என்னை "ஏ புள்ள, கால அமுக்கு" என்றாள். அமுக்கினேன். ஆத்தா ஆயிற்றே.

சந்தை நாள் விடிந்தது. குடைக்காரரோடு பெரிய ஆபீசரும் வந்திருந்தார். எங்கள் வாசலில் ஒரு காக்கை கூட நடக்கவில்லை. ஜனம் முழுக்க, கோழிக்கூடையும் ஆடும் தக்காளிக் கூடையுமாக, தலைவருடைய கொல்லைக்கு நட்ட நடுவே போய்க்கொண்டிருந்தது. அவர் கடை கட்ட நட்டு வைத்திருந்த கல்லில் ஒரு ஆடு ஏறி நின்று கொண்டிருந்தது. ஆபீசருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன ஏது என்று கேட்க எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

உள்ளே இருட்டிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"யாரது, செருப்போட?"

ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். வேப்பிலை தெரிந்தது. அடுத்த நிமிஷம் செருப்பு ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, தெரியாம மிதிச்சிட்டேன்" என்றார். டெல்லிக்குப் போய்ப் படித்தவராம். அந்தப் படிப்பும் செருப்போடு சேர்ந்தே கழன்றுவிட்டது. பின்னாலேயே நகர்ந்து போனவர், தலைவரின் கொல்லை ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார்.

ரோட்டுக் கோடு என் அடுப்பை விட்டு இறங்கித் தலைவரின் கொல்லை மேல் ஏறியது. நாடு முன்னேற வேண்டும் என்றவர் அன்றைக்கே பட்டணத்துக்கு பஸ் ஏறினார். யாரைப் பார்த்தாரோ, என்ன சொன்னாரோ, கோடு அவர் நிலத்தை விட்டும் நழுவியது. எங்கள் வாசலில் ஆளே நடக்கவில்லை என்று கணக்கில் ஏறிவிட்டதால் எங்கள் பக்கம் வரவும் வழியில்லை, அவர் பக்கம் போகவும் வழியில்லை. கடைசியில் காலேஜ் காம்பவுண்டுச் சுவரை இடித்து, பிரின்சிபால் ஆசையாக வளர்த்த ரோஜாத் தோட்டத்தின் மேல் ரோடு வளைந்து போனது. காலேஜுக்காகப் போட்ட பிளான் காலேஜையே ஒரு கடி கடித்தது. உன் தலை இடிக்கிற இடம் அந்த ரோஜாத் தோட்டம்தான் என்று பேத்தியிடம் சொன்னேன். யுனிவர்சிட்டி இன்னும் வரவில்லை. நீச்சல் குளத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மழை பெய்தால் எருமைகள் நீந்துகின்றன. அவற்றுக்கு நீச்சல் நன்றாகவே வருகிறது.

ஆனால் கதை ரோட்டோடு முடியவில்லை. சந்தைக்கு மறுநாள் மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. ஆபீசர் பயந்துபோய் சுகாதார ஆபீசில் சொல்லியிருக்கிறார், இந்தத் தெருவில் அம்மை என்று. அம்மை குத்துகிறவர்கள் ஊசியோடு இறங்கினார்கள். அக்கா சோளத்தட்டுப் போருக்குள் ஒளிந்தாள், காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். வாசலுக்கு வாசல் ஜீப்பை நிறுத்தி, ஒரு ஆள் விடாமல் குத்தினார்கள். ஒரு நர்ஸம்மா எங்கள் வீட்டுக்குள் வந்து மாமியார் முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாட்டி, இது வேர்க்குருதானே?"

"இன்னிக்கி வேர்க்குரு. நேத்து ஆத்தா. நீ ஊசியோட வர்றேன்னு தெரிஞ்சதும் எறங்கிப் போயிட்டா" என்றாள் மாமியார். நர்ஸம்மா அவள் கையிலும் குத்திவிட்டுத்தான் போனாள்.

இன்றைக்குக் கேட்டாலும் நான் மாமியார் கட்சிதான். ஆத்தா அந்த வீட்டுக்குள் இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் தெருவே வீங்கிய கையோடு என் வாசலில் கூடிவிட்டது. அக்கா முன்னால் நின்றாள், தலையில் இன்னும் சோளத்தட்டு.

"உன் அடுப்பக் காப்பாத்த எங்க கைதான் கெடைச்சுதாடி? சோறு அள்ளித் தின்ன முடியல. இதுக்கு என்ன சொல்றே?"

நான் நிலைப்படியில் இருந்த வேப்பிலையை அவிழ்த்தேன். ஆளுக்கு ஒரு கொத்து, வீக்கத்துக்கு அரைத்துப் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

"பஸ் ஸ்டாப்பு வேணும்னு எத்தினி நடை நடந்தீங்க! பஸ்ஸுன்னா தெருவுக்கு ஒரு எடத்துலதான் நிக்கும். இன்னிக்கி கவருமெண்டு ஜீப்பு ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னுச்சே, இன்னும் என்னாங்க வேணும் உங்களுக்கு?"