‘வலிக்கு’ என்றால் இழு

சூடாமணியால் மூன்று மாதமாக ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இருபத்தேழு வருடமாக அவருக்குச் சம்பளமே ஓரிடத்தில் நிற்பதற்குத்தான். ஆபரேஷன் தியேட்டரில், டாக்டரின் கை நீளும் பக்கத்தில் நின்று, கத்தரியும் ஊசியும் எடுத்துக்கொடுக்கிற நர்ஸ். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் எதற்கு? வாசலில் ஒரு மருந்துக்கடை, உள்ளே நாலு மருந்துக்கடை என்று எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

கரமனை அக்ரஹாரத்திலிருந்து நர்ஸ் வேலைக்குப் போனவர். அந்த நாளில் கேட்டவர்களிடமெல்லாம் அவர் அம்மா, “பொண்ணு மெடிக்கல் காலேஜ்ல படிக்கறா” என்று சொல்லிவைத்தாள். பொய்யில்லை, நர்ஸிங் வகுப்பும் அந்த வளாகத்துக்குள்தான் நடந்தது. தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அவரை டாக்டர் என்று நினைத்து பிரஷர் பார்க்கச் சொல்கிறார்கள். மீதிப் பாதிக்கு உண்மை தெரியும். அவர்களும் பிரஷர் பார்க்கச் சொல்கிறார்கள்.

இப்போது வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறார். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். திரும்பி வந்து இரண்டு கவளம். பிறகு மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பார். கணவர் ராமசுப்ரமணியன், சர்க்கார் ஆபீஸில் ஓய்வு பெற்றவர், இந்தப் போக்குவரத்தைக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்.

“ஏண்டி, நடந்துண்டே சாப்பிடணும்னு எந்த டாக்டர் சொன்னார்?”

“நீங்க ரசம் விட்டுக்கோங்கோ.”

டாக்டர் ஒருத்தர் சம்பந்தப்பட்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

ஓணம் கழிந்த இரண்டாவது வியாழக்கிழமை அது. நோயாளி பெயர் சுடலைமாடத்தி, வயது நாற்பத்து நாலு. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து, இங்கே எழும்புகிற அடுக்குமாடிகளுக்குக் கலவை சுமக்கிற சித்தாள். கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்திருந்தார்கள். ஆள் விழித்துத்தான் இருந்தார். நடுவில் பச்சைத் துணித் திரை, அந்தப் பக்கம் தலை, இந்தப் பக்கம் வயிறு. தலைக்குப் பொறுப்பான மயக்க டாக்டர் பக்கத்துத் தியேட்டருக்கு ஒரு எட்டு போயிருந்தார்.

வயிற்றுக்குப் பொறுப்பு டாக்டர் ஹரிஷங்கர். வலியசாலைக்காரர். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம், தியேட்டர் செருப்பைப் போட்டுவிட்டால் மலையாளம் மட்டும். கை வேலை செய்யும்போது வாய் கதை சொல்லும். அன்றைய கதை அவருடைய ஃபிளாட்டில் நடந்தது. அசோசியேஷன் செக்ரட்டரியும், அவர் மேல் ஊழல் புகார் கொடுத்தவரும் ஒரே லிஃப்டில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். நல்ல கதை. யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள், நோயாளி உட்பட.

எதிர்ப்பக்கம் நின்றவர் டாக்டர் மாளவிகா, மேல்படிப்பு மாணவி. வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடிக்கிற வளைந்த இரும்புத் தகடு அவர் கையில். அதற்கு ரிட்ராக்டர் என்று பெயர். கதைக்கு நடுவே டாக்டர் அவ்வப்போது “வலிக்கு” என்பார். மலையாளத்தில் இழு என்று பொருள். மாளவிகா இழுப்பார்.

ஊசியின் வேகம் குறையத் தொடங்கியபோது திரைக்கு அப்பாலிருந்து மெல்லிய குரலில் ஒரு “வலிக்கு” வந்தது. அம்பாசமுத்திரத்தில் அதற்கு வலிக்கிறது என்று பொருள். மாளவிகா குனிந்த தலை நிமிராமல் இழுத்தார். மறுபடியும் “வலிக்கு.” இன்னும் கொஞ்சம் இழுத்தார். உத்தரவு எந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன, உத்தரவு உத்தரவுதான்.

நாலு தடவை. திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு ‘வலிக்கு’வும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தன் குரலைத் தவிர வேறெதுவும் காதில் விழாத நிலையில் இருந்தார். மற்றவர் சூடாமணி.

சூடாமணிக்கு முதல் தடவையே கேட்டது. அப்போது செக்ரட்டரி லிஃப்டுக்குள் இருந்தார். அவர் இறங்கட்டும் என்று இருந்தார் சூடாமணி. செக்ரட்டரி இறங்கினார், எல்லோரும் சிரித்தார்கள், சிரிப்பு ஓய்ந்தது. பிறகு, “சார், பேஷன்ட்டுக்கு வேதனை எடுக்குண்டு” என்று மலையாளத்தில் சொன்னார். டாக்டர் அந்த நொடியே கையை எடுத்தார். மயக்க டாக்டர் ஓடிவந்தார், மருந்து ஏறியது. யாரையும் திட்டவில்லை. ஹரிஷங்கர் நல்ல மனிதர், சொன்னால் நிறுத்துகிறவர். சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கேஸ் ஷீட்டில் ‘அசம்பாவிதம் ஏதும் இல்லை’ என்று எழுதப்பட்டது.

சுடலைமாடத்தியின் வலது தொடை மரத்துப்போயிற்று. படி ஏறினால் முட்டி மடங்கிவிடுகிறது. அந்த இழுப்பில்தான் நரம்பு நசுங்கியதா, அதற்கு முன்னாலேயா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மெல்லச் சரியாகும் என்றார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் பிசியோதெரபிக்கு வந்து, முன்படிக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் காத்திருப்பார். அங்கேதான் ஒரு நாள் சூடாமணியைப் பிடித்தார்.

“சிஸ்டரு, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் வலிக்கு வலிக்குன்னு சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் புள்ள இழுத்துச்சு. நீங்க அங்கனதான நின்னிய. ஒங்களுக்கு நம்ம பாச தெரியும்லா.”

“நான் கேக்கலை.”

“கேக்கலியா?”

“மெஷின் சத்தம்.”

“ஓ.” சுடலைமாடத்தி தன் முட்டியைப் பார்த்துக்கொண்டார். “அதுக்கில்ல. கொத்தனாரு, நீ நடிக்கேட்டீங்காரு. உக்காந்து பாக்குற வேலைக்கு நடிக்கேனாம். எங்க வீட்டுக்காரரும் அவரு கூடச் சேந்துகிட்டாரு. பேப்பர்ல ஒண்ணும் நடக்கலன்னு போட்டுருக்குல்ல. நடந்துச்சுன்னு ஒரு ஆளு சொன்னாப் போதும் எனக்கு.”

அடுத்த செவ்வாயிலிருந்து சூடாமணி பின்படி வழியாக ஏற ஆரம்பித்தார்.

ஓடினால் எங்கே போய் முட்ட வேண்டுமோ அங்கேயே முட்டினார். ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்றிதழ் கொடுக்க வெளியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. தர மேலாளர் ரேஷ்மி ஒரு வெளிநாட்டுப் பயிற்சியை இறக்குமதி செய்தார். ஆபரேஷன் குழுவில் யார் கண்ணில் தப்பு பட்டாலும், பெரியவர் சின்னவர் பார்க்காமல் வாய் திறக்கப் பழக்குவது. ஹ்யூமன் ஃபேக்டர்ஸ் என்று பெயர். மனிதக் காரணிகள் என்று தமிழில் சொன்னால், காரணம் யாரோ ஒரு மனிதர்தான் என்பதுபோல் கேட்கிறது. மேலிடத்துக்கு அந்தப் பொருளே பிடித்திருந்தது.

அறுபத்து நாலு ஸ்லைடு. முதலில் விமானிகளுக்காக உண்டான பயிற்சி என்பதால் அதில் நாற்பதில் விமானம். இதை இந்த ஊர்த் தியேட்டருக்குத் தக்கபடி மாற்றி நடத்துகிற பொறுப்பு சூடாமணிக்கு. “சூடா சிஸ்டர் நன்னாயிட்டு சம்சாரிக்கும்” என்று ரேஷ்மி மேலே எழுதிக் கொடுத்திருந்தார். நன்றாகப் பேசுவாராம்.

சூடாமணி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் கடிகாரத்தோடு இரண்டு வாரம் தியேட்டரில் நின்றார். ஒருவர் டாக்டரிடம் ஒரு தப்பைச் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். “சார், க்ஷமிக்கணும், ஒரு காரியம் பறஞ்ஞோட்டே” என்று மன்னிப்பும் அனுமதியும் கேட்டு முடிக்க ஆறு விநாடி. ‘ரத்தம் வருது’ என்பதற்கு ஒன்றரை. மரியாதைக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டார். பதினோராவது ஸ்லைடில் விமானத்தை எடுத்துவிட்டு, பெயர் எதுவும் போடாமல் இரண்டு ‘வலிக்கு’வையும் எழுதினார்.

ரேஷ்மி அதைப் பார்த்தார்.

“சிஸ்டரே, இது நம்மட ஆஸ்பத்திரியாணோ?”

“எந்த ஆஸ்பத்திரியா இருந்தா என்ன?”

“நம்மடயாணெங்கில் வருந்நவர் குத்திக் குத்திச் சோதிக்கும். விமானம் மதி, கேட்டோ. விமானத்தின்டெ ஆள்க்காரு இங்கோட்டு வரில்லல்லோ.”

நம்முடையது என்றால் வருகிறவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள், விமானக்காரர்கள் இங்கே வந்து சண்டை பிடிக்க மாட்டார்கள். நியாயம்தான். பதினோராவது ஸ்லைடில் பழைய விமானம் வந்து இறங்கியது.

ஆனால் கடைசியில் ஒரு ஒத்திகை இருந்தது. அதில் என்ன செய்வார்கள் என்று ரேஷ்மி கேட்கவில்லை. சூடாமணியும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவருக்குக் கைவந்த வேலை.

சனிக்கிழமை மத்தியானம், ஆபரேஷன் இல்லாத தியேட்டர். நோயாளியாகச் சூடாமணியே மேஜையில் படுத்தார். வயிற்றுக்கு மேலே ஒரு நுரைமெத்தைத் துண்டு, அதன் நடுவில் ஒரு வெட்டு, முகத்துக்கு முன்னால் பச்சைத் திரை. அவருடைய இடத்தில் நர்ஸ் ஜெஸ்லின் நின்றார், மார்த்தாண்டத்துக்காரி, பேச்சில் எது தமிழ் எது மலையாளம் என்று அவருக்கே தெரியாது. ரிட்ராக்டரோடு மாளவிகா. சுவரோரமாகக் குறிப்பேட்டோடு ரேஷ்மி.

“ஞான் எந்து செய்யணும்?” என்று கேட்டார் ஹரிஷங்கர்.

“எப்பவும் போல, சார்.”

“கதையும் பறயாமோ?”

“எப்பவும் போல.”

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. லிஃப்ட் கதையின் இரண்டாம் பாகத்தை ஆரம்பித்தார். செக்ரட்டரி இப்போது பயந்து மாடிப்படியில்தான் போகிறார், புகார் கொடுத்தவரும் விடாமல் கூடவே ஏறுகிறார்.

இருபத்தேழு வருடத்தில் சூடாமணி தியேட்டரை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. மேலே விளக்கு. திரைக்கு அப்பால் சிரிப்பு. தன்னைச் சுற்றித்தான் எல்லாரும் நிற்கிறார்கள், ஆனால் தன்னோடு யாரும் இல்லை. கால் நிலைகொள்ளவில்லை. மெதுவாகச் சொன்னார்.

“வலிக்கு.”

மெத்தை இழுபட்டது.

“வலிக்கு.”

இன்னும் இழுபட்டது. செக்ரட்டரி மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கினார். மூன்றாம் ‘வலிக்கு’வுக்கு மெத்தை கிழிகிற சத்தம். திரையோரமாக ஜெஸ்லின் முகம் தெரிந்தது. ஜெஸ்லின் திரையைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலாவது தடவையும் சொல்லியாயிற்று. செக்ரட்டரி ஏழாம் மாடிக்கு ஏறி, சாவியைக் கீழேயே வைத்துவிட்டதைக் கண்டுபிடித்தார். எல்லோரும் சிரித்து முடித்தார்கள்.

“சாரே,” என்றார் ஜெஸ்லின், “சிஸ்டருக்கு வலிக்காம்.”

சூடாமணி திரையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மடியில் கிழிந்த மெத்தை.

“எப்ப கேட்டுது ஒனக்கு?”

“மொதல்லயே கேட்டுது, சிஸ்டரே.”

“பின்ன ஏன் மிண்டாம, வாயைத் திறக்காம நின்னே?”

“சாரு கதை பறஞ்சிட்டு நிக்காருல்லா.”

மாளவிகா ரிட்ராக்டரை மேஜையில் வைத்தார். “சாராணு பறஞ்ஞதென்னு விசாரிச்சு” என்றார். சார் சொன்னதாகத்தான் நினைத்தாராம்.

ஹரிஷங்கர் முகக்கவசத்தை இறக்கினார். தியேட்டருக்குள் அவர் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை.

“எத்தனை தடவை சொன்னேள்?”

“நான் நாலு. அவளும் நாலு.”

“அவள்னா?”

“சுடலைமாடத்தி. ஓணம் கழிஞ்ச ரெண்டாவது வியாழக்கிழமை. நான் மொதல் தடவையே கேட்டேன், சார்.”

அவர் கணக்குப் போட்டார். வியாழக்கிழமை நினைவுக்கு வர நேரமானது, கதை உடனே வந்துவிட்டது.

“லிஃப்ட்,” என்றார். “மொதல் பாகம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

தியேட்டரில் இனி ‘வலிக்கு’ என்ற சொல்லே வேண்டாம், ட்ராக்ஷன் என்று சொல்லலாம் என்று டாக்டரே முடிவு செய்தார். திங்கட்கிழமை காலையில் இரண்டு தடவை மறந்தும்விட்டார். இரண்டு தடவையும் ஜெஸ்லின், “ட்ராக்ஷன்” என்று திருத்தினார், சார் போடாமல். சொல்லிவிட்டுப் பயந்து போய் ஊசியை மாற்றிக் கொடுத்தார்.

ஒத்திகை சிறப்பாக நடந்ததாக ரேஷ்மி குறிப்பெழுதினார். சூடாமணி போய்ச் சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்று கேட்டதும் பேனாவை மூடினார்.

“எந்தினா? மூணு மாசமாயில்லே. ஒந்நும் மிண்டாதிருந்நதினு மெமோ சிஸ்டர்க்கு வரும்.” பேசாமல் இருந்ததற்கு மெமோ சூடாமணிக்குத்தான் வருமாம்.

“வரட்டும். மேஜையிலயே படுத்துப் பாத்தாச்சு.”

செவ்வாய்க்கிழமை முன்படி வழியாக இறங்கினார். பெஞ்சில் சுடலைமாடத்தி இருந்தார். சூடாமணி பக்கத்தில் உட்கார்ந்து, உடனே எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார்.

“கேட்டேன்.”

“என்னத்த?”

“அன்னிக்கு நீங்க சொன்னது. நாலு தடவையும் கேட்டேன்.”

“மெஷின் சத்தம்னிய?”

“மெஷின் இல்லை.”

“மூணு மாசம், சிஸ்டரு. கட்டுன புருசன் என்னிய நடிகைங்கான்.”

“எழுதித் தரேன். ஒரு காப்பி உங்களுக்கு. கொத்தனார்ட்ட காட்டுங்கோ, உங்காத்துக்காரர்ட்டயும் காட்டுங்கோ.”

படிவத்தை மடியில் வைத்து எழுதினார். தேதி, இடம், என்ன நடந்தது. சம்பவத்தை அறிந்தவர் என்ற கட்டத்தில் தன் பெயர். கீழே கடைசியாக ஒரு கட்டம், ‘உடனே தெரிவிக்காததற்குக் காரணம்’. ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். சூடாமணி பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார். சுடலைமாடத்திக்காக வாய்விட்டும் படித்தார்.

“சார் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.”

“அந்த லிஃப்ட்டுக் கதையா?” என்றார் சுடலைமாடத்தி. “பன்னெண்டு வருசமா இங்க கல்லு சொமக்கேன், மலையாளம் வெளங்காதா. நானும் கேட்டுகிட்டுத்தான் கெடந்தேன்.” பிசியோதெரபி அறையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கைப்பிடியைப் பற்றி எழுந்தார், வலது முட்டி கொஞ்சம் மடங்கி நின்றது. “கடசிதான் கேக்கல, வலியில காது அடச்சிட்டு. அந்த ஆளு லிஃப்ட்ட விட்டு எறங்குனானா இல்லியா?”

“எறங்கிட்டார்,” என்றார் சூடாமணி.