கோட்டில் நிற்காத மரங்கள்

2023 மே 9, செவ்வாய். டாஸ்மேனியா, பர்னிக்குத் தெற்கே ஒரு தோட்டக்காட்டு நிறுவனத்தின் ஆய்வகம். லிண்டன் ப்ரௌஸ், வயது ஐம்பத்திரண்டு, கணினித் திரையில் ஒரு புள்ளியை அழித்துக்கொண்டிருக்கிறார்.

யூகலிப்டஸ் மரத்தைத் துளையிட்டு எடுத்த தூளின்மீது அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவது அவர் வேலை. திரும்பி வரும் ஒளியைக் கொண்டு, அந்த மரத்தின் நூறு பங்கில் எத்தனை பங்கு காகிதக்கூழாகும் என்று கருவி கணிக்கும். சில மரங்களை மட்டும் வேகவைத்து உண்மை அளவைக் காண்பார்கள். கணிப்பும் உண்மையும் ஒத்துப்போனால் புள்ளிகள் ஒரே கோட்டில் அமரும். அமராத புள்ளிகளுக்கு லிண்டன் 'பிசிறு' என்று பெயரிட்டிருக்கிறார். பிசிறுகள் தம் திரையில் இரவு தங்க அவர் அனுமதிப்பதில்லை.

தூசி படாமல் கருவிக்கு அவர் மாட்டிவிடும் கம்பளிக் குல்லாய் உண்டு. மதியம் சாப்பிடும், இறைச்சி அடைத்துச் சுட்ட வட்டப் பண்டத்தின் விளிம்பைக் கத்தியால் வட்டமாகச் சீவிய பிறகே அதன்மேல் தக்காளி சாஸை ஊற்றுவார். சீவியதைத் தின்பதில்லை.

மரம் வெட்டும் கெவ் தேநீர் அறையில் சொல்வான்: "கல்யாண போட்டோவுல சாஞ்சு நின்ன மச்சானையே கத்தரிச்சுட்டாரு மனுசன். மரமெல்லாம் எம்மாத்திரம்."

இந்த வாரம் கருவியின் கணிப்பில் தேறாதது, விதைப் பிரிவின் மெரின் டக்வெல் கிழக்குக் கரையின் வறண்ட மேட்டிலிருந்து விதை கொண்டுவந்து பதினான்கு ஆண்டுகள் வளர்த்த முப்பத்தொரு மர வரிசை. பக்கத்து வரிசைகள் வறட்சியில் பட்டுப்போனபோதும் அது நின்றது. அந்த மேட்டுக் காடு இப்போது இல்லை; வெட்டிவிட்டால் அந்த விதை வேறெங்கும் இல்லை.

"உன் மரத்துக்கு நாப்பத்தாறு காட்டுது, மெரின். நாப்பத்தெட்டுக்குக் கீழன்னா வெள்ளிக்கிழமை கெவ் ரம்பத்தோட வந்துருவான்."

"நீங்க அதுக்குப் பழக்குனதெல்லாம் மழை நல்லாப் பெய்யுற எடத்து மரம், லிண்டன். முன்னப்பின்ன பாக்காத ஆளப்பத்தி அது எப்படிச் சாட்சி சொல்லும்?"

"மெஷினுக்கு எல்லாம் தெரியும்மா. உன் மரத்துக்குத்தான் ஒழுங்கு தெரியல."

மெரின் அவ்வரிசையின் மரத்துண்டுகளை முன்பே வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பி வேகவைக்கச் சொல்லியிருந்தார். வியாழனன்று முடிவு வந்தது: ஐம்பத்துநான்கு. தோட்டத்தின் எந்த மரமும் அதுவரை தராத அளவு. தாளை லிண்டனின் மேசையில் வைத்தார்.

"இந்த ஒண்ணையும் சேத்து அதுக்குக் கத்துக்குடுங்க. வேற எதுவும் கேக்கல நான்."

லிண்டன் மறுக்கவில்லை, அவர் முறைப்படி நடப்பவர். அளவைப் பதிவுசெய்தார். புள்ளி கோட்டுக்கு வெகுமேலே, தனியாகப் போய் உட்கார்ந்தது. எல்லாப் புள்ளிகளும் கோட்டில் அமர்ந்தால் 1 காட்டும் பொருத்த அளவு, 0.98இலிருந்து 0.91க்கு இறங்கியது. புதுக் கம்பளத்தில் சேற்றுக் காலடியைக் கண்டவர்போல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த லேப்ல இப்பல்லாம் கவனமே இல்ல" என்றார், வருத்தத்தோடு.

விரல் அழிப்பு விசையை ஒருமுறை தட்டியது. புள்ளி இருந்த இடத்தைத் தூசி பட்டதுபோல் வாயால் ஊதிவிட்டு, வெட்டுப் பட்டியலைக் கெவ்வுக்கு அனுப்பினார்.

பொருத்த அளவு: 0.98. வெள்ளிக்கிழமை வெட்டப்பட்டவை: முப்பத்தொரு மரங்கள்.