அண்ணனின் கப்பலை அறுத்த ஞாயிற்றுக்கிழமை

என் அண்ணன் கப்பலில் பிட்டர். சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் பைப் வெல்டிங், வால்வு கழற்றி மாட்டுவது எல்லாம் அவன் வேலை. ஏழெட்டு மாதம் கடலில் இருந்துவிட்டு அரியலூர் வீட்டுக்கு வருவான். போன விடுமுறைக்கு வரும்போது ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தான். உள்ளே துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் சரக்குக் கப்பல். ஒட்டி முடித்தால் ஒன்றரை அடி நீளம் வரும்.

அடிப்பகுதியையும் மேல்தளத்தையும் ஒட்டி, கீழே சிவப்பும் மேலே கறுப்பும் பூசி முடித்திருந்தான். அதற்குள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பெட்டியோடு பெரம்பலூருக்கு வந்து என் மேஜையில் வைத்தான்.

"பாப்பா, மிச்சத்த நீ முடிச்சுடு. பல்லையே ஒட்டுற, இத ஒட்ட மாட்டியா?"

நான் அங்கே ஒரு பல் லேபில் டெக்னீஷியன். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து பல்செட் செய்து கொடுப்பேன். சின்னச் சாமான்களோடு மல்லுக்கட்டுவது எனக்குப் பழக்கம்தான்.

அண்ணன் போய் இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அரியலூரிலிருந்து வந்தார். அங்கே கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறார். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கப்பலை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மிச்சத்தையும் ஒட்டி முடித்திருந்த கப்பலை இரண்டு கால் வைத்த ஸ்டாண்டின் மேல் நிறுத்திக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கப்பல் தண்ணியில இருக்கற மாதிரி இல்லையே. அந்தரத்துல நிக்குது."

அண்ணனுக்கு வீடியோ கால் போட்டோம். அவனும் பார்த்தவுடன் சிரித்துவிட்டான். "ரிப்பேருக்குத் தூக்கி நிறுத்துன கப்பல் மாதிரி இருக்கு. இந்த வயிறெல்லாம் வெளிய தெரியக் கூடாது, பாப்பா. தண்ணிக்கோட்டோட வெட்டிடு."

"வெட்றதா?" என்று நானும் அண்ணியும் ஒரே குரலில் கேட்டோம்.

"ஆமா. கீழ இருக்கறத அறுத்து எடுத்துட்டு, மேல் பாதிய அப்படியே கடல்ல உக்கார வெக்கறது. நெறைய பேரு அப்படித்தான் செய்யறாங்க."

பல்செட் உடைந்தால் மறுபடி செய்யலாம். இது ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் வெட்டலாம் என்ற நினைப்பு வந்த பிறகு அந்த ஸ்டாண்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"எங்க வெட்றது?" என்றேன்.

"அது நீங்க முடிவு பண்ணணும். லோடு ஏத்துன கப்பல்னா தண்ணி மேல வரைக்கும் வரும். சிவப்பு தெரியாது. எம்ப்டின்னா தூக்கிக்கிட்டு நிக்கும், சிவப்பு நல்லா தெரியும். எம்ப்டியா போறப்ப காத்தடிச்சா ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தி."

அண்ணி யோசிக்கவே இல்லை. "ஆடாத கப்பலா வெட்டு."

கண்ணாடிப் பலகையின் மேல் கப்பலை வைத்து, அசையாமல் இருக்க நான்கு பக்கமும் பல் மெழுகை உருட்டி அண்டக் கொடுத்தேன். கறுப்பும் சிவப்பும் சேரும் இடத்தின் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டர் கட்டியைத் தேய்த்து, அதன் தலையில் பென்சிலைப் படுக்க வைத்து டேப் ஒட்டினேன். கட்டியை நகர்த்தியபடி கப்பலை ஒரு சுற்று வந்தேன். புறப்பட்ட இடத்திலேயே கோடு வந்து முட்டியது. இம்மிகூட மேலே கீழே இல்லை. அண்ணி கைதட்டினார்.

அந்தக் குஷியில்தான் தப்புப் பண்ணினேன். பல்செட் அறுக்கும் சின்ன மோட்டாரில் வட்டத் தகட்டை மாட்டி, பின்பக்கத்தில் வைத்தேன். சுர்ரென்று ஒரு சத்தம், கெட்ட நாற்றம். தகடு சூடாகி, பிளாஸ்டிக் அறுபடாமல் உருகியது. உருகியது பின்னாலேயே ஒட்டிக்கொண்டும் வந்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்று அண்ணி கத்தினார்.

பார்த்தால், கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை நீளத்துக்கு வடு. நல்லவேளை, மேலே ஏறவில்லை. மோட்டாரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பிளாஸ்டர் அச்சுகளைப் பல் பல்லாகப் பிரிக்கும் கை ரம்பத்தை எடுத்தேன். மயிர் மாதிரி மெல்லிய தகடு. கோட்டின் மேலேயே வைக்கப் போனபோது அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கோட்டு மேலயேவா வெட்டுவ? நாங்க துணியில தையலுக்குன்னு வெளிய கொஞ்சம் வுட்டுத்தான் வெட்டுவோம். அப்புறமா புடிச்சுக்கலாம்."

எனக்குத் தோன்றவே இல்லை. கோட்டுக்குக் கீழே ஒரு நூல் தள்ளி ரம்பத்தை வைத்தேன். அண்ணி இரண்டு கையாலும் கப்பலைப் பிடித்துக்கொண்டார். இழுப்பேன், ஊதுவேன், இழுப்பேன். வெள்ளைத் தூள் மேஜையெல்லாம் விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தகடுகள் உடைந்தன. முன்மூக்கு வந்தபோது இழுப்பை இன்னும் மெதுவாக்கினேன். 'டக்'. சிவப்பு அடிப்பாகம் முழுசாக அண்ணி கைக்கு வந்துவிட்டது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று இரண்டு பேரும் குதித்தோம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உடனே அண்ணனுக்கு கால். அண்ணி வெட்டிய பாகத்தை, தொட்டி மாதிரி இருந்ததை, கேமரா முன்னால் ஆட்டினார். "ஏங்க, பாத்தீங்களா? ஆமா, நீங்க வேலை பாக்கற இடம் இதுல எங்க?"

"நீ கையில வெச்சிருக்கியே, அதான்."

அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ஜின் ரூம் பாதிக்கு மேல தண்ணிக்குக் கீழதான். நாங்க வேலை பாக்கறப்ப கடல் எங்க தலைக்கு மேல இருக்கும்." சாதாரணமாகத்தான் சொன்னான். பன்னிரண்டு வருடமாக அவன் கப்பலில் இருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியாது. கப்பல் வேலை என்றால் மேலே நின்று காற்று வாங்குகிறான் என்றுதான் நினைத்திருந்தோம்.

கால் முடிந்ததும் அண்ணி அந்தச் சிவப்புத் தொட்டிக்குள் விரலை விட்டு, பின்பக்கமாகத் தடவிக்கொண்டிருந்தார். "அவரு இருக்கற எடத்தையே அறுத்து எடுத்துட்டமே." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப அவர மேல்தளத்துல நிக்க வை. கம்பிகிட்ட. உன்னால முடியும்ல?"

முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்டவுடன் கை பரபரத்தது.

அடுத்த ஞாயிறு வரை பொறுக்க முடியாமல், தினமும் வேலை நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். கண்ணாடி மேல் ஈர உப்புத்தாளை விரித்து, விட்டுவைத்த மிச்சத்தைக் கோடு வரைக்கும் தேய்த்தேன். பக்கங்கள் உள்வாங்காமல் இருக்க உள்ளே குறுக்குப் பட்டைகள் ஒட்டினேன். மனுஷனைச் செய்வதுதான் பாடு. அரிசியில் பாதிகூட இல்லாத அளவு. பல் நிறப் பொடியைக் குழைத்து, ஊசி முனையில் எடுத்து, பூதக்கண்ணாடி வழியே செதுக்கினேன். முதல் ஆள் தும்மலில் காணாமல் போனான். இரண்டாவது ஆளுக்குத் தலை பெரிதாகிவிட்டது. மூன்றாவது ஆள் நின்றான். அண்ணன் வேலையில் போடுகிற முழு உடுப்பான டாங்கரியை ஆரஞ்சு நிறத்தில் பூசினேன்.

கடல் செய்ய அண்ணியும் வந்துவிட்டார். கப்பலைச் சமையலறை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டோம். மரத்தட்டில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகுவதற்குள் கப்பலை அழுத்த வேண்டும். பத்து நிமிடம்கூட இல்லை. "இப்ப! இப்ப!" என்றார் அண்ணி. அழுத்தினேன். கறுப்புப் பக்கங்களை ஒட்டிக்கொண்டு பிளாஸ்டர் மேலே எழும்பியது. நான் கரண்டியால் முன்னால் அலை இழுத்தேன். அண்ணி பின்னால் விரலாலேயே நுரை கிளப்பினார். தொட்டால் கடல் சுடச்சுட இருந்தது. காய்ந்ததும் கப்பலை எடுத்துத் தாளை உரித்துவிட்டு, கடலுக்கு நீலமும் பச்சையும் பூசி, மேலே வார்னிஷ் கொடுத்தோம். கப்பலைத் திரும்ப உட்கார வைத்தபோது ஒரு தாள்கூட நுழையாத அளவுக்குப் பொருந்தியது.

அரியலூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிப் பிடித்தோம்.

"கடல தூக்கிக்கிட்டு எங்கம்மா போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"வூட்டுக்குத்தாங்க," என்றார் அண்ணி.

கடையில் வைத்ததும் அண்ணனை அழைத்தோம். போனை அலை மட்டத்துக்கு இறக்கச் சொன்னான். இறக்கி, மெதுவாக நகர்த்திக் காட்டினேன்.

"ஏய், கம்பிகிட்ட நிக்கிறது யாரு?"

"டாங்கரிய பாத்தா தெரியலையா?" என்றார் அண்ணி. "வேலை முடிஞ்சு மேல வந்து நிக்கிறாரு."

அவன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். திரையில் இரும்புப் படிகள் ஆடின. கொஞ்ச நேரத்தில் தெரியாத மூன்று முகங்கள் போனுக்குள் முண்டியடித்து எங்கள் கப்பலைப் பார்த்தன. அதில் சமையல்காரர் போலிருந்தவர் இந்தியில் என்னவோ கேட்க, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னவாம்?" என்றேன்.

"அவரையும் பக்கத்துல நிக்க வைக்கணுமாம் பாப்பா. வெள்ளை ஏப்ரனோட."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அப்போதே எந்த ஊசியில் செதுக்குவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.