இடது கையில் வந்த தாளம்

உங்கள் பாட்டில் யாருடைய தாக்கம் அதிகம் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே காது சூடாகிவிடும். பியானோ வாசித்துக்கொண்டே சொந்தப் பாட்டு பாடுகிறவள் என்றால் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நானும் வைத்திருந்தேன். வெளிநாட்டுப் பாடகர்கள் நான்கைந்து பேரை வரிசையாக அடுக்குவேன். அவர்களில் பாதிப் பேரை நான் ஒழுங்காகக் கேட்டதுகூட இல்லை. பெங்களூரில் அப்படிச் சொன்னால்தான் மதிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

நான் வளர்ந்தது தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில். ஒரு பக்கத்துச் சுவர் வழியாகத் தெலுங்கு பஜனை வரும். மறுபக்கத்துச் சுவர் வழியாகக் கன்னட ரேடியோ வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டு, ஆடி மாதம் அம்மன் கோயில் மேளம், ராபர்ட்சன்பேட்டைக்குப் போனால் கடைக்குக் கடை சினிமாப் பாட்டு. எதையும் நான் தேடிப்போய்க் கேட்கவில்லை. காதை மூடிக்கொள்ள வழியில்லாததால் கேட்டேன்.

பியானோ பள்ளிக்கூடத்தில் இருந்தது. காலைப் பிரார்த்தனைக்கு வாசிக்க ஆள் இல்லை என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பாதி நானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். அதில் கரையான் அரித்து நடுவிலேயே இரண்டு கட்டைகள் ஊமை. எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. அதனால் நான் போட்ட மெட்டுகள் எல்லாம் அந்த இரண்டு கட்டைகளைச் சுற்றிக்கொண்டு போகும், தெருவில் படுத்திருக்கும் நாயைச் சுற்றிக்கொண்டு போவதுபோல. பிற்பாடு பெங்களூரில் ஓர் ஓட்டலில் சாயங்காலங்களில் வாசிக்கப் போனேன். அங்கே ஒருவர், எதிர்பாராத இடத்தில் உங்கள் மெட்டு தாவுகிறது, இது உங்கள் தனிப் பாணி என்று பாராட்டினார். நன்றி சொன்னேன். அது கரையான் அமைத்துக் கொடுத்த பாணி என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

எனக்குப் பாட்டு இடது கையில்தான் தொடங்கும். முதலில் ஒரு தாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில நாள் அதை மட்டுமே தட்டிக்கொண்டிருப்பேன். பிறகு வலது கை அதன்மேல் ஒரு மெட்டைத் தேடும். அர்த்தமில்லாமல் லாலா போட்டு முனகுவேன். வார்த்தை கடைசியில்தான் வரும். வீட்டில் பியானோ இல்லாததால் இந்த வேலை பெரும்பாலும் பெங்களூர் போகிற காலை ரயிலில், மடியில் இருக்கும் டிபன் பையின்மேல் நடக்கும். கூட வந்த ஒரு ஃபாக்டரிக்காரர் என் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது, "பொண்ணுக்கு நரம்பு இன்னாவோ ஆயிட்டிருக்குது, டாக்டராண்ட காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மா மூன்று நாள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என் பாட்டைக் கேட்டதே இல்லை. அவர் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டுபவர். ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டை மேலே உட்கார்ந்து இயக்குகிற வேலை. கீழே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கீழேயிருந்து மணி அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஓர் அர்த்தம். அதைக் காதால் கேட்டுத்தான் ஏற்றுவார், இறக்குவார், நிறுத்துவார். பள்ளிக்கூட விழா என்றால் அன்றைக்கு அவருக்கு ஷிஃப்ட் இருக்கும். ஷிஃப்ட் இல்லாத நாளில் தூங்குவார். "நல்லாத்தான் பாடுவ நீ" என்று கேட்காமலே சொல்லிவிடுவார். எனக்கு அது போதவில்லை. ஒரே ஒரு தடவை அவர் எதிரில் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு ஏதாவது சொல்ல வேண்டும். இதற்காகவே நான் ஒரு பாட்டு கட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை.

அதன் தாளமே அவருடையதுதான். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் அப்பாவின் விரல்கள் மேஜையில் தட்ட ஆரம்பிக்கும். நெருக்கமாகச் சில தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு தள்ளித் தள்ளி நிதானமாக இரண்டு. சைக்கிள் ஹாண்டில்பாரிலும் அதே தாளம், காப்பி டம்ளரிலும் அதே தாளம். இந்த மனிதருக்குள் ஒரு இசைக்காரன் இருந்திருக்கிறான், சுரங்கம் தின்றுவிட்டது என்று எனக்குள் ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். அந்தக் கதைமேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதனால் அது என்ன தாளம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அதை அப்படியே இடது கைக்குக் கொடுத்தேன். வலது கையில் ஒரு குஷியான மெட்டு. ஷிஃப்ட் முடிந்து ஷாஃப்டிலிருந்து வெளியே வரும் காதலனுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். 'மேல வா, மேல வா, மல்லி வாங்கி வெச்சிருக்கேன்' என்று பல்லவி. நான் கட்டியதிலேயே நல்ல பாட்டு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அதுதான் கொடுமை.

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்த வருஷம். பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு பழைய ஹாலில் கலை நிகழ்ச்சி வைத்தார்கள். அங்கே ஒரு பியானோ இருந்தது, எல்லாக் கட்டையும் பேசியது. முன்வரிசைகளில் ரிடையர் ஆனவர்கள், இன்னும் வேலையில் இருப்பவர்கள், அவர்களுடைய குடும்பங்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துவிட்டுத்தான் நான் பியானோவில் போய் உட்கார்ந்தேன்.

இடது கையை மட்டும் ஒரு சுற்று தனியாக வாசித்துவிட்டுப் பாட வேண்டும் என்பது என் ஏற்பாடு. அந்தச் சுற்று முடிவதற்குள் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். பிறகு அந்த வரிசை ஆண்கள் எல்லாரும். பனிக்காகச் சுற்றியிருந்த மஃப்ளரை ஒருவர் தலையிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். பிரமாதமாக வாசித்தால் வெளிநாட்டில் எழுந்து நிற்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நம் ஊரிலும் நிற்கிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். தலை குனிந்து வணக்கம் வைத்தேன். அவர்களுக்காக அந்தச் சுற்றை இன்னொரு தடவை, இன்னும் பலமாக வாசித்தேன். 'மேல வா, மேல வா' என்று பாடும்போது எல்லாரும் கைதட்டுங்கள் என்று சைகை வேறு காட்டினேன். பின்வரிசைப் பையன்கள் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். முன்னால் ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். காதல் பாட்டு, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அப்பா எழுந்து நிற்கவில்லை. அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் யாரும் என்னிடம் வந்து பேசவில்லை. மஃப்ளர்காரர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், "நல்லா வாசிச்சம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்பா சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் கூடவே நடந்தேன். பாட்டு எப்படி என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அவரே ஆரம்பித்தார்.

"அந்த பெல்லு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"எந்த பெல்லுப்பா?"

"மொதல்ல தனியா வாசிச்சியே."

"அது பெல்லா?"

அவர் சைக்கிளை நிறுத்தினார். "கீழ ஒருத்தன் செத்துட்டான்னு வெச்சிக்கோ, அவன கேஜ்ல ஏத்திட்டு அந்த பெல்லுதான் அடிப்பாங்க. மெதுவா தூக்குன்னு அர்த்தம். மேல இருக்கறவங்க அல்லாம் எழுந்து நிப்பாங்க, தொப்பிய எடுத்துட்டு. இன்னா வேலை இருந்தாலும் நிப்பாங்க. என்ஜின் ஓட்டறவன் மட்டும்தான் நிக்க முடியாது, அவன் கை லீவர்ல இருக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்கள் பாட்டுக்காக நிற்கவில்லை. காதில் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்திருக்கிறது. நான் பல்லைக் காட்டி வணக்கம் வைத்திருக்கிறேன். செத்தவனை மேலே வரச்சொல்லிப் பாடி, எல்லாரையும் கைதட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டது ஞாபகம் வந்ததும் எனக்கு அழுகை முட்டியது. திரும்பிப் போய் ஒவ்வொருவர் காலிலும் விழ வேண்டும் என்று தோன்றியது. போகும் தைரியம் இல்லை.

"நீங்கதாம்பா தட்டுவீங்க. சாப்ட்டுட்டு, டேபிள்ல..." என்றேன். ஏதோ என் பக்கம் நியாயம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நானா?"

"ஆமாம்பா."

"ஊட்லயா?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி நடந்தார். வீட்டுக்குள் போனதும் அதையே அம்மாவிடம் கேட்டார். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே, "எப்பவும்தான் தட்டுவீங்க. இன்னாவோ பாட்டுன்னு நெனச்சிக்கினேன்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். அதுவரை அவமானம் முழுக்க என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு என்னுடையதே மறந்துவிட்டது. சாவு மணியை இத்தனை வருஷம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தன் கையாலேயே அடித்துக்கொண்டிருந்த மனிதரின் முகம் அது.

வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ சின்ன புள்ளயா இருக்கச்சொல்ல நான்தான் உன்ன முதுகுல தட்டித் தூங்க வெப்பேன். நான் தட்டலன்னா தூங்க மாட்ட நீ. அப்பவும் இதத்தான் தட்டுனனா?"

"இல்லப்பா," என்றேன். "அது வேற தாளம்."

அவர் என்னை நம்பவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.